இருபத்தைந்து கிராம்

செப்டம்பர் 10, ஞாயிறு

முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் இன்று சீட்டு குலுக்கினோம். எங்கள் ஊரும் சுற்று வட்டாரமும் சேர்த்துப் பதினான்கு பிள்ளைகள் இப்போது தெற்கு சூடானில் ஐ.நா. அமைதிப் படையில் இருக்கிறார்கள். தீபாவளிக்கு ஆளுக்கொரு பார்சல். மூன்று கிலோவுக்கு ஒரு கிராம் கூடினாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று சங்கச் செயலாளர் சுபேதார் துளசிராமன் மூன்று தடவை சொன்னார். ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்னமும் அவர் பேசினால் நம் கால் தானாக வரிசையில் போய் நிற்கிறது.

விதி பழைய விதிதான். யாரும் தன் பிள்ளைக்குத் தானே பார்சல் கட்டக் கூடாது. சீட்டில் வருகிற பெயருக்குத்தான் கட்ட வேண்டும். எல்லாருக்கும் ஒரே பட்டியல். அதற்கு மேல், கட்டுகிறவர் விருப்பத்துக்கு ஒரே ஒரு பொருள், நூறு கிராமுக்குள். கட்டியவர் பெயர் எழுதக் கூடாது. 'ஊரிலிருந்து' என்று மட்டும் போட வேண்டும்.

இந்த விதியைக் கொண்டுவந்தவளே நான்தான். ஆறு வருஷத்துக்கு முன் லெபனானுக்கு அனுப்பியபோது ஒருத்தனுக்கு முந்திரி கேக்கும் கைக்கடிகாரமும் போனது. அவனுக்குப் பக்கத்துக் கட்டில் பையனுக்கு அரைக் கிலோ மிக்சர் போனது. 'மிக்சர் நன்றாக இருந்தது' என்று அந்தப் பையன் நன்றிக் கடிதம் போட்டிருந்தான். அதைப் படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. முப்பது வருஷம் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்தவள் நான். ஒரு தட்டில் கூட, ஒரு தட்டில் குறைச்சல் என்றால் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

சீட்டு டப்பா என்னுடையது. குலுக்கியதும் நான். எனக்கு வந்த பெயர் சகாயராஜ். என் மகன் சுதாகரின் பெயர் கௌசல்யா கைக்குப் போனது.

டப்பாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சொல்ல என்ன இருக்கிறது.

செப்டம்பர் 11, திங்கள்

பருப்புப் பொடிக்குப் பருப்பு வறுத்தேன். தீய்ந்துவிட்டது.

செப்டம்பர் 17, ஞாயிறு

ஞாயிறு பதினொரு மணிக்குச் சுதாகர் அவன் அப்பாவைக் கூப்பிடுவான். இவர் பீரங்கிப் படையில் இருந்தவர், காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நாலு வீடு தள்ளிக் கேட்கும்போது அடுப்படியில் இருக்கிற எனக்குக் கேட்காதா? அந்த நேரத்தில் நான் மிக்சி போடுவதில்லை. மிக்சிக்கும் ஓய்வு வேண்டுமே.

"அம்மா சுகர் மாத்திரை போடுறாங்களாப்பா?"

"இன்னாது?"

"மாத்திரை! மாத்திரை!"

"ஆங், போடுறா, போடுறா."

"சரிப்பா, வைக்கிறேன்."

அவ்வளவுதான். அம்மாவிடம் கொடு என்று சொல்லவில்லை. ஜனவரியிலிருந்து சொல்வதில்லை.

இதை எழுதக் கூடாது என்று இருந்தேன். எழுதித் தொலைக்கிறேன். சுதாகரும் நித்தியானந்தமும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். நித்தி என் கையால் சாப்பிட்டவன். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவான். மூன்று வருஷத்துக்கு முன் சிக்கிமில் மண்சரிவில் போய்விட்டான். அவன் பெண்டாட்டிதான் கௌசல்யா. இருபத்து நாலு வயதில் கைக்குழந்தையோடு நின்றாள். போன பொங்கல் லீவில் வந்த சுதாகர், அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்றான். அவளிடமும் கேட்டுவிட்டானாம். 'உங்கம்மா மனசாரச் சொன்னா யோசிக்கிறேன்' என்றாளாம்.

நான் சொல்லவில்லை. அதோடு விட்டிருக்கலாம். தெருக் குழாயடியில் நாலு பேர் குடத்தோடு நிற்கும்போது, "ஒருத்தன முழுங்கினது போதாதா, என் புள்ளையும் வேணுமா?" என்று அவளைக் கேட்டேன். அவள் குடம் நிறையும் வரைக்கும் நின்றாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். லீவு முடியும் முன்பே சுதாகர் கிளம்பிவிட்டான். வாசலில் அப்பா காலில் மட்டும் விழுந்தான். சூடானுக்குத் தானாகப் பெயர் கொடுத்த சேதியும் மார்ச்சில் அப்பாவுக்குத்தான் வந்தது.

கோபத்தில் வாய் தவறிவிட்டது. எல்லாருக்கும் தவறுவதுதான்.

செப்டம்பர் 24, ஞாயிறு

சங்கத்தில் முறுக்கு சுட்டோம். பதினான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கு இருபது முறுக்கு. இருநூற்று எண்பது சுட வேண்டிய இடத்தில் முந்நூற்றுப் பத்து சுட்டோம், முப்பது எங்கள் வயிற்றுக்குள் போனது. பர்வதம் அக்கா பிழிகிறாள், நான் எண்ணெய் பார்க்கிறேன். மூலையில் கௌசல்யா தன் தையல் மிஷினைக் கொண்டுவந்து போட்டு, பார்சலுக்கு வெள்ளைக் காடாத் துணி உறை தைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகத் தைக்கிறாள். அதை இல்லை என்று சொல்லவில்லை.

சகாயராஜுக்கு என் சொந்தப் பொருளாகப் பூண்டுப் பொடி இடித்து எடுத்துப் போயிருந்தேன். அவன் தாயில்லாப் பிள்ளை. பட்டியலில் இருக்கிற பருப்புப் பொடி எல்லாருக்கும் போகும், என் பூண்டுப் பொடி அவனுக்கு மட்டும் போகட்டும். வாசனை கண்டு பர்வதம் அக்கா, "எங்களுக்குக் காட்டாம கட்டிடுவியா அஞ்சலாட்சி?" என்றாள். ஆளுக்கு இரண்டு கரண்டி காகிதத்தில் வைத்துக் கொடுத்தேன். எல்லாரும் விரலால் தொட்டு நக்கி, சப்புக் கொட்டினார்கள்.

கௌசல்யாவுக்கும் வைத்தேன். பந்தியில் பாகுபாடு காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. "தேங்க்ஸ் டீச்சர்" என்றாள். சத்துணவுக் கூடத்தில் இருந்ததால் ஊருக்கு நான் டீச்சர், இவள் முன்பெல்லாம் அத்தை என்பாள். காகிதத்தை மடித்து, இன்னொரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு துளி வாயில் போடவில்லை. என் கை பட்டதைத் தின்ன மாட்டாளாம். அவ்வளவு ரோஷம்.

வரும் வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது.

செப்டம்பர் 28, வியாழன்

மழை. ரவையை மறுபடி வறுக்க வேண்டும்.

அக்டோபர் 1, ஞாயிறு

பார்சல் கட்டி முடித்தோம். முறுக்கு, ரவா லட்டு, கடலை உருண்டை, பருப்புப் பொடி, சுக்குக் காபித் தூள், கூழ் வடகம், சீயக்காய்த் தூள், தலைவலித் தைலம், ஒரு கைலி, ஒரு துண்டு. தீபாவளிக்குத் தலை முழுகச் சீயக்காய் அனுப்பிவிட்டு எண்ணெய் அனுப்பாமல் இருப்பது எனக்குச் சகிக்கவில்லை. ஆனால் போன தடவை எண்ணெய் ஒழுகி நாலு பெட்டி முறுக்கு நாசமானது. சுபேதார் கண்டிப்பாக மறுத்துவிட்டார்.

சொந்தப் பொருளை அவரவர் யாரும் பார்க்காமல் வைத்தார்கள். பெட்டியை மூடி, துணி உறை போட்டு, வாயைத் தைத்து, எடை போட்டு, எடையைத் துணி மேலேயே மார்க்கரால் எழுதினோம். ஒன்பதாம் எண் சுதாகருடையது. 2 கிலோ 960.

சங்கக் கட்டடத்தில் எலி இருக்கிறது என்று பதினான்கு பார்சலையும் என் வீட்டு முன்னறையில் அடுக்கியிருக்கிறார்கள். சாவி என்னிடம். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தது போல என்று யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? விதி போட்டவளே நான்தானே.

அக்டோபர் 2, திங்கள்

எட்டு முழ வேட்டி நாலு துவைத்தேன். ஒன்பதாம் பார்சல் அடியில் நசுங்கிக் கிடந்தது. எடுத்து மேலே வைத்தேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

நூறு கிராமுக்குள் அவள் என்ன வைத்திருப்பாள்? கடிதமா? போட்டோவா? மூன்று கிலோ பார்சலில் என் பிள்ளையின் பெயர் இருக்கிறது, அதில் அவனுக்கென்று என் கையால் போட்ட ஒரு மிளகு கூட இல்லை. அவள் மட்டும் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பாள், உங்கம்மா என்னை இப்படிப் பேசினாள் என்று.

எனக்கென்ன வந்தது. எழுதினால் எழுதட்டும்.

அக்டோபர் 4, புதன்

இவர் காது மிஷினுக்காக வேலூர் ஆஸ்பத்திரி போயிருந்தார். மத்தியானம் கதவைத் தாழ் போட்டுவிட்டு ஒன்பதாம் பார்சலைப் பிரித்தேன்.

கடிதம் இருந்தால் எடுத்துவிடுவதென்று இருந்தேன். அதை மறைத்துப் பயனில்லை.

முறுக்கு டப்பாவுக்கும் கைலிக்கும் நடுவில் ஒரு சின்னப் பொட்டலம். பிளாஸ்டிக் கவருக்குள் நான் கொடுத்த அதே காகிதம். மேலே ஒரு துண்டுச் சீட்டு.

'உங்கம்மா இடிச்ச பூண்டுப் பொடி. சோத்துல போட்டுச் சாப்பிடுங்க. அவங்க கூடப் பேசுங்க.'

அவ்வளவுதான். தன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. பெயர் கூட எழுதவில்லை, விதி அப்படி என்பதால். தாய் தன் பிள்ளைக்குக் கட்டக் கூடாது என்று நான் ஒரு விதி போட்டேன். அந்தப் பெண் அதை மீறாமல் என் கையை என் பிள்ளையிடம் அனுப்பி வைக்கிறாள். நானோ அவளுக்கு ரோஷம் என்று எழுதி வைத்திருக்கிறேன், இதே நோட்டில், பத்து நாள் முன்பு.

தரையில் உட்கார்ந்து அழுதேன். வாய் தவறியது என்று எழுதியதும் பொய். தவறவில்லை. நாலு பேர் கேட்கட்டும், அவள் தலை குனியட்டும் என்றுதான் சொன்னேன். நித்தி உயிரோடு இருந்திருந்தால் என்னை அம்மா என்று கூப்பிடுவதை அன்றோடு நிறுத்தியிருப்பான்.

பிறகு எழுந்து முகம் கழுவினேன். பொட்டலத்தை அது இருந்த இடத்தில் வைத்தேன். அதன் பக்கத்தில் நானும் ஒன்று வைத்தேன். என்னவென்று இங்கே எழுதப் போவதில்லை. ஊசியில் இரட்டை நூல் கோத்துத் தைத்து மூடினேன்.

இவர் சாயங்காலம் வந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பார்த்து, "பாக்கு கொறையுதே" என்றார். எலி தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று கத்திச் சொன்னேன்.

அக்டோபர் 6, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

பார்சல்களை டில்லிக்கு ஏற்றும் முன் சுபேதார் எல்லாவற்றையும் மறுபடி எடை போட்டார். முப்பது வருஷம் கரண்டி பிடித்த எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். ஒன்பதாம் எண்ணில் எழுதியிருப்பது 960, தராசு காட்டுவது 985.

"துணி ஈரம் குடிச்சிருக்கும்" என்றாள் பர்வதம் அக்கா.

"மத்த பதிமூணு துணியும் குடிக்கலயா? தைச்சு மூடினதுக்கு அப்புறம் இருபத்தஞ்சு கிராம் உள்ள போயிருக்கு. இது பட்டாளத்துக்குப் போற சாமான், என்னான்னு தெரியாம அனுப்ப முடியாது. இத யார் கட்டினது?"

கௌசல்யா வந்து பார்சலைப் புரட்டினாள். தையலைப் பார்த்தாள். அது அவள் தையல் இல்லை என்று கண் தெரியாதவன் தடவினாலும் சொல்லிவிடுவான். நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சுபேதார் பக்கம் திரும்பி, "நான்தான் சார். ஒண்ணு வைக்க மறந்துட்டேன். அப்புறம் வந்து வெச்சேன்" என்றாள்.

"சட்ட திட்டம் தெரியாதாம்மா உனக்கு? அடுத்த வருஷம் உன் பேரு சீட்டுல வராது."

"சரிங்க சார்."

எனக்குப் பின்னால் பர்வதம் அக்கா, "சுதாகர் பார்சல்ல மட்டும் மறந்துட்டாளாம்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

குழாயடியில் அவ்வளவு சுலபமாகத் திறந்த வாய் எனக்கு இப்போது திறக்கவில்லை. சும்மா இருந்தால் போதும். மரியாதை போகாது. முன்னால் நானாகப் பழி போட்டேன், இப்போது அவளாக வாங்கிக்கொள்கிறாள், இவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். நினைத்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"சார், அந்தப் பொண்ணு பொய் சொல்லுது. பிரிச்சது நான், வெச்சதும் நான்" என்றேன்.

பர்வதம் அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"டீச்சரம்மா, நீங்களா?"

"நான்தான். இன்னா வெச்சிருக்கேன்னு நீங்களே பாருங்க. ஆனா நீங்க மட்டும் பாருங்க."

சுபேதார் தையலை வெட்டிப் பெட்டியைத் தன் பக்கமாகத் திருப்பித் திறந்தார். கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இரண்டு பெண் கொடுத்து, இரண்டு பெண் எடுத்த அனுபவம் உண்டு. மூடியை அவரே சாத்தினார்.

"ஆபத்தான சாமான் ஒண்ணும் இல்ல. மூணு கிலோவுக்கு உள்ளதான் இருக்கு. போகலாம்" என்றார். குரலில் வரிசையில் நிறுத்துகிற மிடுக்கு இல்லை. பிறகு நினைவு வந்தவர் போல், "ஆனா விதி விதிதான். அடுத்த வருஷம் டப்பாவும் சாவியும் உங்ககிட்ட இருக்காது டீச்சரம்மா" என்றார். சரி என்றேன். சரியான தண்டனைதான்.

கௌசல்யா உறையின் வாயை மறுபடி தைத்தாள். உள்ளே என்ன என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

பார்சல்கள் போய்விட்டன. முன்னறை பெரிதாகத் தெரிகிறது.

அக்டோபர் 19, வியாழன்

தெருவில் சொன்னதை வீட்டுக்குள் போய்த் திருப்பி வாங்கக் கூடாது. காலையில் தண்ணீர் விடுகிற நேரம் பார்த்து, தேவையே இல்லாமல் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். ஆறு பேர் நின்றார்கள். குழாய்க்கு அடியில் கௌசல்யாவின் குடம்.

"கௌசல்யா, பொங்கலப்போ இதே எடத்துல ஒரு வார்த்த சொன்னேன். அது அவ்வளவும் அபாண்டம். நித்தி செத்ததுக்கு நீ காரணம் இல்ல. என் வாய்தான் அழுகல். என்ன மன்னிச்சுடு."

ஆறு பேரும் குடத்தையே பார்த்தார்கள். கௌசல்யாவின் குடம் நிறைந்து வழிந்தது. குழாயை மூடினாள்.

"சரி டீச்சர்" என்றாள். தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அழுது கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேனா? கொஞ்சம் எதிர்பார்த்தேன். ஒன்பது மாதம் சுமந்ததை ஒரு குடம் தண்ணீரில் கழுவச் சொன்னால் எப்படி?

அக்டோபர் 22, ஞாயிறு

பதினொரு மணிக்குப் பேசினான். பார்சல் இன்னும் வரவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

வரவில்லை. இவருக்குக் காது மிஷின் வந்துவிட்டது. போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார், நான் பேசுவது கேட்கிறதாம்.

நவம்பர் 5, ஞாயிறு

சிக்னல் இல்லை போலிருக்கிறது. கூப்பிடவில்லை. நாள் முழுக்க மிக்சி போடவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தாயிற்று. பத்து மணிக்கெல்லாம் வடைக்கு மாவு அரைத்து வைத்துவிட்டேன். பதினொன்று அடிக்கவும் போன் அடித்தது. இவர் மிஷின் போடவில்லை. ஸ்பீக்கர்.

"அப்பா, பார்சல் முந்தாநாள் வந்துச்சு. எல்லாருக்கும் ஒரே சாமான்தான். எனக்கு மட்டும் ஒரு மஞ்சத் துணி முடிச்சு கூட வந்திருக்கு. உள்ள ரெண்டு கொட்டப் பாக்கு, ஒரு விரலி மஞ்சள்."

"இன்னாது?"

"பாக்குப்பா! ரெண்டு பாக்கு!"

இவர் போனைக் கையில் பிடித்தபடியே அடுப்படிப் பக்கம் திரும்பினார். "எலின்னு சொன்னியேடி" என்றார்.

அது போனில் அவனுக்கும் கேட்டிருக்கும். பிறகு, "அப்பா, அம்மாகிட்ட குடு."

கையெல்லாம் உளுந்து மாவு. முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

"மா."

"சொல்லுடா."

"நெசமாவாம்மா?"

"பின்ன, விளையாட்டுக்கா பாக்கும் மஞ்சளும் முடிஞ்சு அனுப்புவாங்க?"

"வெத்தல வைக்கலயே."

"சூடான் போறதுக்குள்ள வாடிடும்டா. வெத்தலய நான் அவ வீட்டுக்கு எடுத்துகினு போறேன். வாங்கறதும் வாங்காததும் அவ இஷ்டம். நான் பேசின பேச்சுக்கு அவ கதவ சாத்தினாலும் நியாயந்தான். நீ அப்ப அவ மேல கோவப்படக் கூடாது."

அவன் அழுதான். பட்டாளத்துக்காரன், மற்ற பதிமூன்று பேருக்கும் கேட்கிற இடத்தில் நின்றா அழுவது? நானும்தான் அழுதேன். நாலு வீடு தள்ளிக் கேட்டிருக்கும்.

"பொடி எப்படி இருந்துச்சு?" என்றேன், பேச்சை மாற்ற.

"அன்னிக்கே தீந்துபோச்சும்மா. பக்கத்து பெட்டு சகாயராஜுக்கும் அதே பொடி வந்திருந்துச்சு. அதுலயும் பாதி தின்னுட்டேன்."

"அட படுபாவி! தாயில்லாப் புள்ளகிட்ட புடுங்கித் தின்னியா?" என்று கத்தினேன். பத்து மாதத்துக்குப் பிறகு என் பிள்ளையைத் திட்டினேன். வடை நன்றாக வந்தது.

நவம்பர் 15, புதன்

அமாவாசை கழியட்டும் என்று இரண்டு நாள் பொறுத்தேன். இன்று காலை ஒரு கவுளி வெற்றிலை வாங்கி, தட்டில் பூ, பழம், தேங்காயோடு அடுக்கிக்கொண்டு கௌசல்யா வீட்டுக்குப் போனேன். இவரும் வந்தார், மிஷின் போட்டுக்கொண்டு. தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவள் மிஷினில் ஏதோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். நான் தட்டை நீட்டினேன்.

"உன்ன கேக்க வந்திருக்கேன். மனசாரதான் கேக்கறேன். இன்னிக்கே சொல்லணும்னு இல்ல. வேணாம்னாலும் சொல்லு, எடுத்துகினு போயிடறேன்."

அவள் வாங்கவில்லை. தட்டையே பார்த்தாள். பூவைப் பார்த்தாள், தேங்காயைப் பார்த்தாள், வெற்றிலையை விரலால் ஒதுக்கி அடியில் பார்த்தாள்.

"பாக்கு இல்லாம வெறும் வெத்தலய எடுத்துகினு வந்திருக்கீங்களே, அத்த?"

"பாக்கு முன்னாடியே போயிடுச்சும்மா. இருபத்தஞ்சு கிராம். நீதானே தைச்சு அனுப்பின."

தையல் மிஷினைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டாள்.